தும்பி அண்ணனின் கோணல் ஹேண்டில்பார்

அப்பாவின் பழைய ரேஸ் பைக்கைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து பின்கட்டுச் சிமென்ட் தரையில் நிறுத்தியதும் பார்க்க வந்திருந்த மூன்று பேரும் வாயடைத்து நின்றார்கள். மகள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

அப்பா போனதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் சும்மா இருக்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினாள். இற்றுப்போன ரப்பர் குழாய்களை மாற்றினாள். பிஸ்டன், கிளட்ச், செயின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். அழுவதற்குப் பதிலாக அவள் ஸ்பேனரைப் பிடித்தாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய்யில்லை.

மறுநாள் ஞாயிறு. பழைய செங்கல் சூளைத் திடலில் அப்பாவின் ரசிகர்கள் கூடப்போகிறார்கள். மேடு பள்ளத்தில் பைக் ரேஸ் நடந்த திடல் அது. அப்பாவின் வண்டியை அங்கே ஒரே ஒரு சுற்று ஓட்டி, அந்தச் சத்தத்தை எல்லாரும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டப்போகிறவர் டயர் கடைக்காரர். ரேஸ் காலத்தில் மேட்டைவிடச் சேற்றில்தான் அதிக நேரம் இருந்தவர் என்பதால் பழைய சிநேகிதர்களுக்கு அவர் இன்னமும் 'சேறு'தான். கூட வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். இன்னொருவர் கணக்கு டீச்சர். அந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்று ரேஸ் பார்த்த பெண்.

"என்னம்மா இது?" என்றார் டயர் கடைக்காரர்.

"ஏன் மாமா? ஸ்டார்ட் ஆகுது. ரெண்டு உதையில பிடிச்சுக்கும்."

"அது இல்லம்மா. ஹேண்டில்பார் நேரா இருக்கே."

"ஆமா. கோணிப் போயிருந்துச்சு. எங்கயோ விழுந்து வாங்கின அடின்னு நினைச்சேன். நூல் பிடிச்சு, மட்டம் வெச்சு நிமித்திட்டேன்."

மேனேஜர் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்த செய்தியை இப்போதுதான் கேட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"நிமித்திட்டியா," என்றார். "தும்பி அண்ணனோட ஹேண்டில்பாரை."

தும்பி என்பது திடல் வைத்த பெயர். மேட்டில் ஏறி அந்தரத்தில் எழும்பும்போது கால்களை விரித்து, ஒரு கணம் அங்கேயே நிற்பதுபோல் தெரிவாராம். வீட்டில் அந்தப் பெயர் புழங்கியதில்லை. மகள் அறிந்த அப்பா டவுன் பஸ் டிரைவர். ஓடிய தடத்திலேயே மிக மெதுவாகப் போகும் பஸ் அவருடையது. 'இறங்கித் தள்ளட்டுமா டிரைவர்?' என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். அவர் கண்ணாடியில் பார்த்து, 'தள்ளுங்க, டீசல் மிச்சம்' என்பார். வேகத்தடை வந்தால் பஸ்ஸைப் பச்சைப் பிள்ளைபோல் ஏற்றி இறக்குவார். மேலே பறந்த மனிதர் அவர்தான் என்று சொன்னால் பயணிகள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். ரேஸைப் பற்றி மகள் கேட்டால், 'அது ஒரு கிறுக்கு வயசு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பரண்மேல் இருக்கும் எதையும் அவர் எடுக்கமாட்டார். கூப்பிட்டு அவளை எடுக்கச் சொல்வார். கேட்டால், சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்வார்.

"அந்தக் கோணல்தாம்மா ரகசியமே," என்றார் டயர் கடைக்காரர். "முன்சக்கரம் நேரா இருக்கும், ஆனா வலது பிடி மட்டும் நம்ம பக்கமா வந்திருக்கும். அதைப் பார்த்துட்டு ஊர்ல இருந்த பயலுக எல்லாம் வண்டியைக் கோணலாக்கிக்கிட்டோம். என்னோடது, இவனோடது, பால்காரன் மொபெட் வரைக்கும்."

"நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேங்க்குக்குக் கோணல் ஸ்கூட்டர்லதான் போனேன்," என்றார் மேனேஜர். "வாட்ச்மேன், 'சார், ஆக்ஸிடென்டா'ன்னு கேட்டான்."

"அதோட போச்சா? ஹெல்மெட்டை இடது கையாலயே கழட்டுவாரு. ஒத்தைக் கை! அந்த ஸ்டைலுக்காக நாங்க வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினோம். எனக்குக் காது கிழிஞ்சதுதான் மிச்சம்," என்றார் டயர் கடைக்காரர்.

"கப்பு வாங்குறதும் இடது கையாலதான். அந்தத் திமிரு யாருக்கு வரும்!"

மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வலது பிடி உடம்புக்கு அருகில். ஹெல்மெட் இடது கையால். பரண்.

"அம்மா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அப்பா ஏணியில இருந்துதானே விழுந்தாரு?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஏணியாவது, பாட்டாவது! அந்த மனுஷன் ஏணியில ஏறி நான் என்னைக்குப் பார்த்தேன்? திடல்ல விழுந்து தோள்ல வலது காறை எலும்பு ரெண்டாப் போச்சு. ஆறுறதுக்குள்ள மறுபடியும் வண்டியில ஏறி உக்காந்தாரு. எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, குட்டையாக் கூடிக்கிச்சு. அந்தப் பக்கத்துக் கை எட்டாது, நீட்டினா வலி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட ஏணின்னு சொல்லி வெச்சுட்டாரு. புருஷன் பேச்சை ஒண்ணாவது காப்பாத்துவோமேன்னு விட்டுட்டேன்."

டயர் கடைக்காரர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அது ஸ்டைல் இல்லையா," என்றார்.

"வலி, மாமா," என்றாள் மகள்.

"வலியைப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு பழகியிருக்கோம்டா," என்றார் மேனேஜர்.

மகளுக்கு இப்போது வேறொரு கவலை. அப்பாவின் உடம்பு இருந்த விதத்துக்கு ஒரே சாட்சியாக அந்தக் கோணல் இருந்தது. அதை அவளே தன் கையால் துடைத்து எறிந்திருக்கிறாள். சோதனைக்கூடத்தில் ஒரு கருவியைத் தொடுவதற்கு முன் இருக்கிற நிலையைக் குறித்துக்கொள்வது முதல் பாடம். அன்று அவள் குறிக்கவில்லை. அது நிலை என்றே அவளுக்குத் தோன்றவில்லை, பழுது என்று தோன்றியது.

"பழையபடி வெச்சிடலாம்," என்றாள். "எவ்வளவு கோணல்னு மட்டும் சொல்லுங்க."

"மூணு விரல்," என்றார் டயர் கடைக்காரர் உடனே. "வலது பிடி மூணு விரல் பின்னால."

"யாரு சொன்னா? ரெண்டு!" என்றார் மேனேஜர்.

"டேய், நான் அந்த வண்டியைத் தொட்டுத் துடைச்சவன்டா."

"நீ துடைச்ச லட்சணம்! நான் ரெண்டு விரல் வெச்சுத்தான் என் வண்டியை வளைச்சேன்."

"உன் விரல் பேங்க் விரல். பூசணிக்கா மாதிரி."

மகள் இருவரையும் பார்த்தாள். இரண்டு பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். போட்டோக்களில் சேறும் புகையும்தான் இருந்தன. இருவரில் ஒருவர் சொல்வது தப்பு, அல்லது இருவருமே தப்பு. எதை வைத்தாலும் அது அப்பாவுடையதாக இருக்காது.

"ரெண்டு பேரும் சரிதான்," என்றார் டீச்சர்.

அதுவரை அவர் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "நீங்க ஆம்பளைங்க ஒரு தடவை பார்த்தீங்க, வளைச்சீங்க, அதோட விட்டீங்க. நான் ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் சைக்கிள் கடைக்குப் போய் என் ஹேண்டில்பாரை மாத்துவேன். கடைக்காரர், 'ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா'ன்னு திட்டுவாரு. ஏன்னா தும்பி அண்ணன் ஒவ்வொரு தடவையும் மாத்துவாரு. ரேஸுக்கு முன்னாடி உக்காந்து, கண்ணை மூடி ரெண்டு பிடியையும் பிடிச்சுப் பார்ப்பாரு. அப்புறம் இறங்கி, முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவுல இறுக்கிக்கிட்டு, ஹேண்டில்பாரை ஒரு வெட்டு வெட்டித் திருப்புவாரு. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி."

"வலி எவ்வளவோ அவ்வளவு கோணல்... மூணு விரல் எப்போ?" என்று மகள் டயர் கடைக்காரரிடம் கேட்டாள்.

"மழையில நடந்த ஃபைனல்ஸ். பெரிய கப்பு வாங்கினாரே, அன்னைக்கு." அன்று திடலே அப்பாவைத் தோளில் தூக்கி ஆடியது. வலது தோளைப் பிடித்துத் தூக்கியவர்களில் டயர் கடைக்காரரும் ஒருவர்.

மகள் குனிந்து ஸ்பேனரை எடுத்தாள். "எல்லாத்துலயும் கம்மியா இருந்தது எந்த ரேஸ், டீச்சர்?"

"கடைசி ரேஸ். ஒரு விரல் கூட இல்ல. ரொம்ப நாள் ஓய்வுல இருந்துட்டு வந்திருந்தாரு. நாலாவதா வந்தாரு."

"அய்யோ, அந்த ரேஸா!" என்றார் மேனேஜர். "தும்பிக்கு றெக்கை போச்சுன்னு சொல்லிட்டு நாங்க பாதியிலயே கிளம்பிட்டோமே."

"நான் கிளம்பல. முடிஞ்சதும் ஹெல்மெட்டைக் கழட்டினாரு. ரெண்டு கையாலயும். அன்னைக்குத்தான் முதல் தடவையா அப்படிப் பார்த்தேன்."

"வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாரு," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "ஊரே தலையில அடிச்சுக்குது, இவரு இளிச்சுக்கிட்டு வர்றாரு. என்னய்யா ஆச்சுன்னு கேட்டேன். 'இன்னைக்கு வலிக்கவே இல்லடி, மேட்டுல இருந்து ஊரைப் பார்த்தேன்'னாரு. அடுத்த வாரம் பஸ் வேலைக்கு எழுதிப் போட்டாரு. இனிமே வண்டியில ஏறினா அந்த ஒரு நாளையும் கெடுத்துக்குவேன்னு சொன்னாரு."

மகள் தரையில் உட்கார்ந்து போல்ட்டுகளைத் தளர்த்தினாள். பிறகு வண்டிக்கு எதிரே நின்று முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

"பாப்பா, கொஞ்சம் யோசிம்மா," என்றார் டயர் கடைக்காரர். "நாளைக்கு அத்தனை பேரும் வருவாங்க. கப்பு வாங்கின வண்டியைப் பார்க்கத்தான் வர்றாங்க. தோத்த வண்டியையா ஓட்டச் சொல்ற?"

"வலிக்காத வண்டி மாமா."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வாளியிலிருந்து எழுந்துவந்து, வண்டி ஆடாமல் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "பிடிடா அந்தப் பக்கம்," என்றார். "சும்மா மரம் மாதிரி நிக்கிற."

மகள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பினாள். முதல் முறை அசையவில்லை. இரண்டாவது முறை மூச்சைப் பிடித்து வெட்டியபோது நகர்ந்தது. அதிகமாகவே நகர்ந்துவிட்டது.

"இவ்வளவு வேண்டாம், இவ்வளவு வேண்டாம்," என்றார் டீச்சர். "திருப்பு. இன்னும். ம்... இன்னும் ஒரு பொட்டு."

கண் மங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. மட்டப்பலகை எட்டும் தூரத்திலேயே கிடந்தது, அவள் அதை எடுக்கவில்லை.

"போதும்," என்றார் டீச்சர்.

அவள் அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க இறுக்குங்க," என்றாள்.

டயர் கடைக்காரர் முட்டியை ஊன்றி உட்கார்ந்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போல்ட்டுகளை இறுக்கத் தொடங்கினார்.