அம்மா வாகு

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தத் தையல்காரிக்கு அளவெடுப்பதில் கை தவறியதே இல்லை. தீயணைப்புத் துறைத் தேர்வுக்கு முந்தின நாள், மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்தாள். கேட்ட உயரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. மகளிடம் சொல்லாமல் நாடாவைச் சுருட்டி வைத்தாள். அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மாதம் ஓடியும் கயிறேறியும் பழகியவளை, ஓட விடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செய்தி கேட்டு நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

"என்ன பண்றது அண்ணி, இவ உங்க வாகு. சின்னவனப் பாருங்க, எங்கப்பா மாதிரி நெடுநெடுன்னு வளந்துட்டான்."

பல வருடமாக இதே பாட்டு. மகன் வளர்ந்தால் அவர்கள் ரத்தம், மகள் வளராவிட்டால் இவள் ரத்தம். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இவ பொறந்தப்ப நாங்க எங்க குடியிருந்தோம், சொல்லு."

சாக்கடையை ஒட்டிய வீடு. நாத்தனாரின் கணவர் பார்த்துக் கொடுத்தது. சுவரெல்லாம் ஓதம், குழாயில் கலங்கல் தண்ணீர். மூன்று வயதுவரை குழந்தைக்கு மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. ஊட்டியது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. மகன் பிறந்தது மாடி வீட்டுக்கு மாறிய பிறகு. அவன் பாலும் முட்டையுமாகச் சாப்பிட்டான், சாப்பிட்டதெல்லாம் உடம்பில் சேர்ந்தது.

"ஒரே அப்பா, ஒரே அம்மா. வீடுதான் வேற."

"அப்போ என் வீட்டுக்காரர்தான் இவ உயரத்தத் திருடிட்டாரா?"

கடைசியில் யார் சொல்வது சரி என்று கேட்க, மகளையும் இழுத்துக்கொண்டு இருவருமே டாக்டரிடம் போய் நின்றார்கள். டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

"பெத்தவங்க உயரமும் சேரும், சின்ன வயசுச் சாப்பாடு, தண்ணி, நோய் எல்லாமும் சேரும். இவளுக்கு எதால எவ்வளவு குறைஞ்சுதுன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது. இனிமே வளரவும் வளராது."

"அப்போ தப்பு யாரு மேல?" என்றாள் தையல்காரி.

"தப்புன்னு நான் சொல்லலையே."

"நீங்க சொல்லல. மத்த எல்லாரும் சொல்றாங்க."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். வெளியே வந்ததும் மகள் நின்றாள்.

"அம்மா, அத்தை, ரெண்டு பேரும் போதும். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில போன் எடுக்க ஆள் கேட்டிருக்காங்க. அங்க உயரம் பாக்க மாட்டாங்க. எழுதிப் போட்டுட்டேன்."

அந்த வேலை கிடைத்தது. முதல் வாரமே, புகை சூழ்ந்த வீட்டிலிருந்து போனில் பேசிய ஒருவரைத் தரையோடு தவழ வைத்து, வாசல்வரை பேசிப் பேசியே வெளியே கொண்டுவந்தாள். தெருவே பாராட்டியது. தையல்காரிக்கும் பெருமைதான். ஆனாலும் ஏணியில் ஏற ஆசைப்பட்டவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை. அதற்காக யாரைப் போய்த் திட்டுவது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.