வேற்றுக்கிரகப் படையும் ஒரு கேசட்டும்

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமா ஒரு விடுமுறைக்கு வந்தபோது, எழுத்துக் கட்டைகள் மட்டும் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதுதான் கம்ப்யூட்டர் என்றார். அதை டிவியில் மாட்டி, முந்தைய தடவை அவரே கொடுத்திருந்த டேப்ரெக்கார்டரையும் இணைத்து, கேசட்டை ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடம் காது கிழியக் கீச்சிட்ட பிறகு விளையாட்டு வரும்.

திரையின் உச்சியில் வேற்றுக்கிரகத்தார் வரிசை கட்டி நிற்பார்கள். பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குவார்கள். நாம் அடியில் ஒற்றைத் துப்பாக்கியோடு ஓடி ஓடிச் சுட வேண்டும். ஒரு படையை ஒழித்தால் அடுத்த படை இன்னும் தாழ்வாக வந்து நிற்கும். சிங்கப்பூர்க் கடைகளில் ஆளுயரப் பெட்டியில் இதே விளையாட்டு கலரில் இருக்கிறதென்றும், வீட்டுக்குக் கொடுத்திருப்பது அதன் நோஞ்சான் பிள்ளை என்றும் மாமா குறைப்பட்டுக்கொண்டார். பத்து வயதுக்காரியான எனக்கு அந்த நோஞ்சான் பிள்ளையே போதுமான அளவு பயம் காட்டியது. அவர்கள் தரையைத் தொடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.

மாமா புறப்படும்போது பெட்டியை எனக்கு விட்டுப்போனார். கேசட் நைந்துவிட்டது, அறுவதற்குள் வேறொன்றில் பதிந்துகொள் என்று அதற்கான வழியையும் எழுதிக் கொடுத்தார். அப்பாவின் தகரப்பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில், நாகூர் கந்தூரியில் வாங்கிய பாட்டுக் கேசட் ஒன்று கிடந்தது. பாட்டுக் கேசட்டின் முதுகில் இருக்கும் ஓட்டையை அடைத்தால்தான் அதில் பதிய முடியும். இதில் யாரோ முன்பே காகிதம் திணித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, விளையாட்டைப் பதிந்து, பெட்டியிலேயே திரும்ப வைத்தேன்.

மறுநாள் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் அது என்ன கேசட் என்று எனக்குத் தெரிந்தது.

நாங்கள் உழுத மூன்று ஏக்கரும் பண்ணையாருடையது. உழுபவனுக்கே நிலம் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் எழுதிவைத்த சுவரும் அவருடையதுதான். அந்த வருடம் அவர், அப்பா குத்தகைக்காரரே இல்லை, வெறும் கூலியாள், சம்பா அறுத்ததும் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. போன வருடம் களத்தில் அப்பா ரசீது கேட்டபோது, இத்தனை வருஷம் குத்தகைக்குச் சாகுபடி பண்றவனுக்கு என் வாய்வார்த்தை போதாதா என்று சிரித்தாராம். அந்த வாய்வார்த்தையைத்தான் அப்பா, வைக்கோலுக்கடியில் டேப்ரெக்கார்டரை ஒளித்துப் பிடித்துவைத்திருந்தார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று பாட்டுக் கேசட்டில்.

வருவாய்த்துறை விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நான்கு நாளும் வாயைத் திறந்தேன். நிலம் போனால் எங்கே போவோம் என்று அம்மாவிடம் கேட்டேன். கேசட் இருக்கிறது, பயப்படாதே என்றாள் அம்மா. அதைக் கேட்டு இன்னும் பயந்தேன்.

விசாரணைக்கு முந்திய சாயங்காலம் அப்பா டேப்ரெக்கார்டரையும் கேசட்டையும் எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனார். தொலைந்தேன் என்று அடுப்படியில் ஒண்டிக்கொண்டேன். இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். போட்டுக் கேட்டிருந்தால் என் முதுகுத் தோல் உரிந்திருக்கும். உரியவில்லை. ஆகவே அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை, வருவாய்த்துறை அதிகாரி களத்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பண்ணையார். சுற்றிலும் ஊர். கூலியாள்தான் என்று பண்ணையார் சொல்லி முடித்ததும், அப்பா டேப்ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, கேசட்டை உள்ளே போட்டு மூடினார்.

"ஐயா போன வருஷம் இந்தக் களத்துல சொன்னது இதுல இருக்குங்க. ஐயா குரல்தான். போட்டுக் காட்டவாங்க?"

அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது. அது அழுந்தியதும் கீச்சென்று எழப்போகும் சத்தத்தை நினைத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். தை மாதக் குளிரில் அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பண்ணையார் டேப்ரெக்கார்டரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். அவர் உதடு அசைந்ததும் கையை எடுத்தேன்.

"ஊர் முன்னால அதெல்லாம் எதுக்குப்பா" என்றார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "குத்தகைன்னே எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். அப்பா கைநாட்டு வைத்தபோது மை பக்கத்துக் கட்டத்திலும் பட்டது.

நான் தப்பித்தேன். எங்கள் நிலம் தப்பித்ததைவிட அதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிதாகப்பட்டது. வாய்க்கால் வரப்பில் வீடு திரும்பும்போது அப்பா கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா பாப்பா. உன் வெளையாட்டு."

வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினேன். அதில் என் விளையாட்டு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.