கோலாலம்பூர் விலையில் ஒரு முடிவெட்டு

என் மனைவியின் அண்ணன் கோலாலம்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். நான் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் அதே வேலையைச் செய்கிறேன். அவருக்குச் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, ஒரே இடத்தில் தொழில் படித்தவர்கள்.

மாதம் ஒருமுறை இங்கே வருவார். வந்ததும் முதல் வேலை முடிவெட்டிக்கொள்வது. தலைநகரமான கேஎல்லில் அதற்குக் கொள்ளை விலையாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, ஈப்போ எந்தக் காலத்திலும் முன்னேறாது, எல்லாம் மலிவு, ஆட்களும் மந்தம் என்று அளப்பார். திரும்பும்போது காரின் பின்புறம் காய்கறியும் மீனும் கொள்ளாமல் வழியும்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு முன்பே கடைக்குப் போய், முடிவெட்டுபவரிடம் காதோடு காதாகச் சொன்னேன்.

"இன்னிக்கி அவருகிட்ட மட்டும் கேஎல் வெல சொல்லுங்கண்ணே. மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்."

வெட்டி முடிந்தது. விலை சொல்லப்பட்டது. நான் பத்திரிகைக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். மச்சான் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல மச்சான், ஈப்போவும் முன்னேறிருச்சிலா."

காரில் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. நான் பொறாமையில் பேசுகிறேன் என்றார்.

அடுத்த மாதம் நான் முடிவெட்டப் போனபோது என்னிடமும் அதே விலை கேட்கப்பட்டது. திகைத்துப்போய் ஏன் என்றேன்.

"அவரு ஒரு வார்த்த பேசாம குடுத்தாருண்ணே. அப்பதான் யோசிச்சேன், நாம ஏன் இத்தன நாளா கொறச்சி வாங்குறோம்னு."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. அதே நியாயத்தை என் மேலாளரிடம் கொண்டுபோய், கோலாலம்பூர் சம்பளம் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு, இது ஈப்போ என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போய்த்தான் வெட்டிக்கொள்கிறேன். முதல் தடவை போனபோது, அந்தக் கடைக்காரர் துணியைக் கழுத்தில் கட்டியபடி எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். வாய் தவறி ஈப்போ என்றுவிட்டேன்.

"அங்கெல்லாம் நல்ல சம்பளம்லாண்ணே" என்றார், கத்தரியை எடுத்துக்கொண்டே.

நான் வளர்ந்ததே இந்தப் பக்கம்தான் என்றேன். உடனே எங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவர் துணியை உதறும்வரை நிறுத்தவே இல்லை.