வாசலில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு

மாமா கட்டடங்களை மட்டும்தான் வரைவார். உயிருள்ளதை வரைந்தால், மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படுமே என்ற பயம் அவருக்கு. எனக்கும் இன்று அந்தப் பயம் உண்டு. ஆகவே மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வர்ணப் பெட்டியோடு பழைய செங்கல் கட்டடங்களைத் தேடிப் போவார். அவருடைய படங்களில் ஒரு காகம்கூட இருக்காது. "ஊர்ல ஒரு மனிசரும் இல்லியே, எல்லாரும் ஹஜ்ஜுக்குப் போயிட்டாங்களா?" என்று மாமி கிண்டல் பண்ணுவார்.

எனக்கு நான்கு வயதில் வாப்பா மௌத்தாகி அடக்கப்பட்டார். பலாபத்வலையில் அவர் மிளகு வியாபாரம் செய்த செங்கல் ஸ்டோரை, எனக்கு ஒன்பது வயதாகும்போது, வீதி அகலிப்புக்காக இடிக்கப் போனார்கள். எங்கள் வீட்டில் போட்டோ எடுக்கும் பழக்கமில்லை. வாப்பாவின் முகம் ஒரு தாளிலும் இல்லை. "நானா, இடிக்க முந்தி அதையாவது வரஞ்சி தாங்களேன்," என்று உம்மா தன் மூத்த சகோதரரான மாமாவிடம் கேட்டார்.

மூன்று ஞாயிறு பிடித்தது. மழை பட்ட கல், புகை பட்ட கல், பாசி பிடித்த கல் ஒவ்வொன்றுக்கும் வேறு சிவப்பு கலக்க வேண்டுமாம். படம் முடிந்த வாரமே ஸ்டோரும் மண்ணானது.

ஸ்டோர் இடிந்த அன்று பின்னேரம் மாமா அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். படம் மேசையில் கிடந்தது. வெறும் வாசல் எனக்குப் பொறுக்கவில்லை. வாப்பா நீலச் சாரம் உடுத்து அங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று உம்மா சொல்லியிருக்கிறார். நீலத்தைத் தொட்டு அவரை உட்கார வைத்தேன். தொப்பிக்குப் பெட்டியில் வெள்ளை இல்லை. மாமியின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ஒரு பொட்டு வைத்தேன்.

மாமா வந்து பார்த்தார். "என்னா மகள் இது?"

"வாப்பா."

படத்தைக் கையில் எடுத்தார். "திரும்ப வரைய கட்டடமும் இல்லியே, மகள்," என்றார். பிறகு பிஸ்மி சொல்லி, ஈரத் தூரிகையால் நீலத்தைத் தொட்டுத் தொட்டு, பழந்துணியால் ஒற்றி எடுத்தார். வாசலில் இருந்த ஆள் போய்விட்டார். படியில் ஈரம் காயாததுபோல ஒரு நீலம் மட்டும் நின்றது. சுண்ணாம்பு போகவில்லை, சுரண்டினால் தாள் கிழியும்.

உம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாசல்ல இது என்னா நானா?"

"புள்ளட கையால கொஞ்சம் சுண்ணாம்பு பட்டுட்டு."

அதில் பொய் இல்லைதான். உம்மா என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "இருக்கட்டும்," என்றார்.

கண்ணாடி போட்டு மாட்டினோம். வெள்ளிக்கிழமை தோறும் உம்மா முந்தானை நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். முழுவதையும் அல்ல, வாசல் இருக்கும் இடத்தை மட்டும். நான் வெட்கத்தில் குசினிக்குள் போய் அடுப்பு மூலையில் ஒளிந்துகொள்வேன். கறை கண்ணாடிக்கு உள்ளே அல்லவா இருக்கிறது, எத்தனை தரம் துடைத்தாலும் போகாதே, இது ஏன் உம்மாவுக்கு விளங்கவில்லை என்று அங்கே நின்று யோசிப்பேன்.