பாலம்மா கழற்றிய கதவு

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினால், தெல்தெனிய தாண்டுவதற்குள் யாராவது அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கரும்பலகை, உண்மையில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா வாசல் கதவாம். பாலம்மா என்ற கொழுந்து பறிக்கிறவள் அதை நடுச்சாமத்தில் தனியாளாகத் தோளில் சுமந்து வந்தாளாம். அதில் படித்த அவள் மகள் எல்லாப் பாடத்திலும் அதிகப் புள்ளி எடுத்து விசேட சித்தியாம்.

விசாரித்ததில் மூன்றும் பொய். பங்களாக் கதவு பங்களாவிலேயே இருக்கிறது. பித்தளைப் பிடியைத்தான் காணோம். அதற்கும் பாலம்மாவுக்கும் சம்பந்தமில்லை. மகள் தவமணி முதல் தடவை கணக்கில் கோட்டை விட்டவள். கதவு வந்தது பாலம்மாவின் சொந்த லயக் காம்பராவிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளில் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையிலிருந்து. அந்தச் 'சொந்தம்' யாருடையது என்பதில்தான் வம்பே கிளம்பியது.

பள்ளிக்கூடம் பிள்ளைகள் மேல் வைத்த பாசத்தால் தொடங்கியதல்ல. சும்மா விட்டால் தேயிலைக் குருத்தை ஒடிக்கிறார்கள் என்று அந்தக் காலத்துத் துரைமார் பிள்ளைகளை ஒரு கொட்டகையில் அடைத்தார்கள். அதற்கு வாத்தியார் ஒருவரும் வந்தார். பாலம்மா அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். ஆறாம் வகுப்பு இல்லாததால், அவளுடைய ஆறாம் வகுப்பு கொழுந்து மலையில் நடந்தது. பிறகு அரசாங்கம் பள்ளியை ஏற்றது. பெயர்ப்பலகை புதிதானது, கூரை பழையபடி ஒழுகியது. எண்பதுகளில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று முக்கி முக்கி ஏறி, சாதாரண தரம் என்ற பொதுப் பரீட்சைக்கான வகுப்பின் வாசலில் வந்து நின்றது.

தனி அறையும் கரும்பலகையும் இருந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் இல்லை என்றார்கள் கண்டிக் கல்விக் கந்தோரில். பெற்றோர் தகரம் அடித்து அறையைக் கட்டிவிட்டார்கள். கரும்பலகை மட்டும் கண்டியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அடுத்த புதன்கிழமை கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார். வகுப்பு கிடைக்காவிட்டால் தவமணிக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டியதுதான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏற்கெனவே கொழுந்துக் கூடை தருவதாகச் சொல்லிவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, லயமே பார்த்திருக்க, பாலம்மா கதவைக் கழற்றினாள்.

"கதவு இல்லாம எப்படிடி படுக்கிறது?" என்றான் புருஷன் மூக்கையா.

"கண்ண மூடிக்கிட்டு. திருடன் வந்தா எழுப்பு. நம்ம வீட்டுல என்னத்த கண்டு புடிச்சான்னு கேட்டுக்குவோம்."

பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்து, உள்ளே இருந்த கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பலகையில் பூசினாள். தவமணியும் அவள் தோழிகளும் காயவைத்து, மறுபடி பூசி, தகர வகுப்பறையில் கொண்டுபோய் மாட்டினார்கள். கதவு போன வீட்டு வாசலில் தொங்கவிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பஸாரில் அரிசிக் கடை வைத்திருந்த ஹுஸைன் நானாவிடம் கேட்டாள்.

"ரெண்டு நாளைக்குத்தான் நானா."

"கிழிக்காம கொண்டு வா புள்ள. நல்ல சாக்கு."

சனிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரை அவளைத் தனியாக நிறுத்தினார். தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகு வந்த துரை. ஆளும் அரைக்கால்சட்டையும் புதிது, அதட்டல் பழையது.

"கதவு தோட்டத்துச் சாமான். யாரக் கேட்டுக் கழட்டின?"

"போன மழைக்கு கூரை ஒழுகுதுன்னு ஆபீஸ்ல வந்து சொன்னேங்க. 'ஒன் வீடு, நீதான் பாத்துக்கணும்'னு சொன்னீங்க. ஒழுகினா என் வீடு, கழட்டினா ஒங்க கதவுங்களா?"

வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமலல்ல என்பது துரைக்கும் தெரியும்.

"கதவு திரும்பி வாற வரைக்கும் ஒனக்கு வேல இல்ல."

"சரிங்க. ஆனா கதவு வராதுங்க."

தலைமையாசிரியர் ராஜலிங்கம்தான் நடுங்கிப் போனார். "கழட்டிக்கிட்டு போயிரும்மா. எனக்கு இடமாற்றம் வந்துரும்."

"வரட்டும் சேர். போற எடத்துலயாச்சும் நல்ல போர்டு இருக்கும்."

திங்கட்கிழமை, கதவைக் கொண்டுவரக் காவல்காரன் கறுப்பையாவை அனுப்பினார் துரை. கறுப்பையா பனைமரம் மாதிரி ஆள். ஆனால் காலில் ஒரு துண்டுக் காகிதம் பட்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன். எழுத்து என்றால் சரஸ்வதி. இது பாலம்மாவுக்குத் தெரியும். பலகை ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது, மேல் பாதியை அழித்தால் கீழ்ப் பாதியில் எழுத்து இருக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

கறுப்பையா வந்தான். விளிம்பில் இரண்டு கையையும் வைத்தான். எடுத்துவிட்டான்.

"அழிச்சுக் குடு தாயி. நான் தூக்கிக்கிட்டு போறேன்."

"நீங்களே அழிங்கண்ணே. பாவம் ஒங்களோட போகட்டும்."

திரும்பிப் போய், "எழுத்து இருக்குங்க தொரை" என்றான். செவ்வாய்க்கிழமையும் எழுத்து இருந்தது. புதன்கிழமை அவன் பலகை முன்னால் கைகட்டி, எப்போது அழிப்பார்கள் என்று காத்து நின்றபோது அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

"பெற்றோருக்கு இவ்வளவு அக்கறையா?" என்று கறுப்பையாவைப் பார்த்து வியந்தார். தட்டிப் பார்த்தார். "நல்ல பலகை. எங்கே செய்தது?"

ராஜலிங்கம் வாயைத் திறப்பதற்குள் பாலம்மா முந்திக்கொண்டாள். "வீட்டுல செஞ்சதுங்க."

வகுப்பு கிடைத்தது. பறிக்க ஆள் போதாமல் கொழுந்து முற்றத் தொடங்கியதும் துரையே ஆளனுப்பி அவளை வேலைக்குக் கூப்பிட்டார். போனாள். ஆனால் பழைய கதவு வந்தால்தான் அவள் காம்பராவுக்குப் புதுக் கதவு என்பது அவர் பிடித்த பிடி. வராது என்பது அவள் பிடித்த பிடி. அவருக்குப் பிறகு வந்த துரைமாரும் வேறெதை மறந்தாலும் அந்தப் பிடியை மறக்கவில்லை. தவமணி இரண்டாம் தடவை கணக்கில் தேறி, இப்போது கண்டியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். அவளுக்கு யாரும் கூடை கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு வெள்ளைப் பலகையும் இருக்கிறது. கதவும் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அதில் ஒரு எழுத்தாவது விட்டுப்போக வேண்டும் என்பது சட்டம். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஹுஸைன் நானா மௌத்தாகி, அடக்கமாகிப் பல வருஷம். கல்லாவில் மகன் நஸீம். பாலம்மா அரிசி வாங்க வந்தால் அவன் கேட்காமல் விடுவதில்லை.

"மாமி, வாப்பா ரெண்டு நாளைக்குத் தந்த சாக்கு?"

"அது வாசல்ல தொங்குது தம்பி. கதவு வந்த அன்னிக்கு, தொவச்சுக் கொண்டாந்து தாறேன்."