பாதி நனைந்த மருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் மகன் காருக்குள் தலையை விட்டபடியே, "அம்மா, இதுக்குள்ள பூனை மூத்திரம் பேஞ்சிருக்கு" என்று சத்தம் போட்டான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பூனைக்குப் பயந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் போகும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நான் சிறுமியாகத் திருத்தங்கலில் இருந்தபோது அது என் அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியுடையது. பிள்ளைகள் நாங்கள் அதைத் தவளை வண்டி என்போம். முதலாளி காலமான பிறகு பல வருடம் ஒரு கொட்டகையில் தூசியோடு கிடந்தது. பேரன்மார் இடத்தைக் காலி செய்தபோது என் மகன் ஆசைப்பட்டு வாங்கி, விருதுநகருக்கு, எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

அவன் அச்சகத்தில் காலண்டர் படம் வடிவமைக்கிறவன். ஸ்பேனர் பிடித்த கை இல்லை. இருந்தாலும் வீடியோ பார்த்துப் பார்த்து எஞ்சினை ஓடவைத்துவிட்டான். அடுத்தது உள்ளே விரித்திருக்கும் கார்பெட். "சட்டை மாத்துற மாதிரிதாம்மா" என்றான். அளவெடுத்து வெட்டிய புதுக் கார்பெட் கோயம்புத்தூரிலிருந்து வந்து, முன்னறைச் சுவரில் விருந்தாளி மாதிரி சாய்ந்து நின்றது.

பழையது தரையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. அதை இளக்க சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு நனைத்துவிட்டு, வந்து இட்லி சாப்பிட்டான். பிறகு போய், கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்துப் படுத்து, இரும்புத் தகட்டால் சுரண்ட ஆரம்பித்தான். கார் நின்றது போர்டிகோவில். சுவருக்கு இந்தப் பக்கம் என் கேஸ் சிலிண்டர்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாடை மூக்கில் ஏறியது. பூனை இல்லை.

அந்த வாடையை அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அச்சங்குளத்தில் இருந்த கம்பெனிக்குப் போயிருந்தேன். முதல் நாள் மழையில் ஓர் அறை ஒழுகியிருந்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். காற்றில் மூத்திர வாடை. யார் இங்கன போனது என்று கேட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "மருந்து இந்த வாடை அடிச்சா செருப்பக்கூடத் தேடக்கூடாது தாயி. ஓடிரணும்" என்றார். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான். மாத்திரை சாப்பிடுவதெல்லாம் அப்புறம். அன்றைக்கு அந்த அறை யாரும் தொடாமலே தானாகப் பற்றி எரிந்து அடங்கியது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அப்பாவின் கால் நகங்கள் எப்போதும் வெள்ளிப்பூச்சு பூசியது போல மினுங்கும். மருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டும். அலுமினியப் பவுடர் ஒட்டிக்கொள்ளும். சீசன் நேரத்தில் லோடு வண்டி வராவிட்டால், முதலாளி மருந்துப் பையைத் தன் காரிலேயே போட்டு ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவார். அப்பா பக்கத்து சீட்டில், பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. "ஏ சம்முகம், காலத் தொடச்சிட்டு ஏறு. சீமைக் கார்பெட்டு!" என்பாராம் முதலாளி. வீட்டில் அப்பா அதை நடித்துக் காட்டுவார், நாங்கள் உருண்டு சிரிப்போம். பை ஒழுகுமா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

என் மகனிடம் இதையெல்லாம் நான் பேசியதே இல்லை. அந்தத் தொழிலின் பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்று வளர்த்தேன். தூரமாக வளர்த்தால் ஆபத்தும் தூரமாக நிற்கும் என்று ஒரு கணக்கு.

"ஏலே, வெளிய வா."

"இரும்மா, இந்த ஓரம் வந்துரும்."

"சொரண்டாத. தகட்டை அங்கனயே மெதுவா வச்சிட்டு வா."

"ஒரு பூனைக்குப் போயி ஏம்மா இப்படி..."

"தரையத் தொட்டுப் பாரு. சுடுதா?"

உள்ளே கையால் தடவிப் பார்த்தான். "ஆமா, சுடுது. வெயிலுக்கு இருக்கும்."

"நெழல்ல நிக்கிற வண்டிக்கு ஏதுலே வெயிலு?"

எழுந்து வந்தான். விரல் பத்தும் வெள்ளியாக மினுங்கின.

"தண்ணி ஊத்திருவோமா?" என்றான். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். அப்பா சொல்வார்: "ஒண்ணு காஞ்சு கெடக்கணும், இல்ல முங்கிக் கெடக்கணும். நனைஞ்சும் நனையாமயும் கெடந்தா, அது நம்ம பேச்சக் கேக்காது." முங்க வைக்கிற அளவுக்கு எங்கள் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வந்தது?

கையைப் பிடித்து இழுத்தேன். "போனு உள்ள இருக்கும்மா" என்று திரும்பினான். சட்டைக் காலரைப் பிடித்தேன், பொத்தான் தெறித்தது. "கெடக்கட்டும்லே!" என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

தெருமுனை மாவுமில் வரைக்கும் ஓடினோம். மில்லுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தாயும் மகனும் செருப்பில்லாம ஓட்டப்பந்தயமா?" என்றாள். அவள் போனை வாங்கித் தீயணைப்பு நிலையத்துக்கு, காரில் வெடிமருந்து என்று சொன்னேன். அவள் தெருப்பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவடைத்தாள். இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரருக்கும் சொன்னேன். பாதி பேச்சிலேயே அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "மானம் போகுதும்மா. வண்டிய வரவேணாம்னு சொல்லிருவோம். நான் போய் எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்றான் மகன். அவன் கையை விடாமல் பிடித்திருந்தேன். அப்போதுதான் கேட்டுக்கு மேலே நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. அடுத்த நொடி போர்டிகோ முழுக்க வெள்ளை வெளிச்சம், கண்ணைக் கூச வைக்கிற தீபாவளிப் பூச்சட்டி வெளிச்சம். சத்தம் பெரிதாக இல்லை. கண்ணாடி உடைந்து கொட்டுவது மட்டும் கேட்டது. சற்று முன்பு அவன் தலை வைத்துப் படுத்திருந்த இடம் அது.

சிலிண்டரை நினைத்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளை, சுவர் தாங்கியது.

வண்டி வரும்வரை எரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். மருந்தைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன ஆட்கள் இல்லை. அப்பா இல்லை. வயதாகி, படுக்கையில்தான் போனார், வெடியில் இல்லை. எங்கள் பக்கம் அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மிச்சமிருந்த அந்த ஒரு சிவப்புக் காரும் கண்ணெதிரே கறுத்துக்கொண்டிருந்தது. மகன் சின்னப்பிள்ளை மாதிரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. முதலில் குதித்து இறங்கியவர் காரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"உள்ள எத்தன பேரும்மா?"

"யாரும் இல்லய்யா."

அவர் நம்பவில்லை. மருந்துத் தீயில் ஆள் சிக்காமல் அவர் பார்த்ததில்லை போல. ஓடத் தயாராக நின்றவர், குரலைத் தணித்து இன்னொரு தடவை கேட்டார்:

"பதறாம யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒருத்தருமா இல்ல?"