ரிக்கிலிருந்து கழற்றிய டர்போ

பேய் என்றால் எல்லோரும் இருட்டைத்தான் சொல்வார்கள். எனக்கு நடந்தது உச்சி வெயிலில். நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம். அதனால் "எதையோ பார்த்து மிரண்டிருப்பாய்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். நான் குடித்திருக்கவில்லை. தூங்கவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

1984, சித்திரை மாதம். திருச்செங்கோட்டுக்கு வெளியே, நாமக்கல் போகிற ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். மாதையன் ஒர்க்‌ஷாப் என்றால் அப்போது எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். கிணறெல்லாம் வற்றி, காட்டுக்குக் காடு போர் போட்டுக்கொண்டிருந்த காலம். போர் துளைக்கிற ரிக் வண்டி வைத்திருந்தவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்களில் ஒருவர் சின்னண்ணன். காடு தோட்டம் உள்ளவர். இரண்டு ரிக் ஓடியது. ரிக்குக்குப் பின்னால் இரும்புக் குழாயும் டீசல் பேரலும் ஏற்றிக்கொண்டு போக ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தார். அதுதான் அவருக்குத் தலைவலி. லோடு ஏற்றினால் வண்டி நகராது. ரிக் போய் நின்று குழாய்க்காகக் காத்துக் கிடக்கும். பக்கத்து ரிக்குக்காரர்கள் சிரித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

இன்ஜின் சக்தியை இரண்டு மடங்காக்கித் தர வேண்டும் என்று வண்டியை என்னிடம் விட்டார். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டேன். பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தேன். அப்போதுதான் அவர் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு டர்போ. இன்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி அது. அவருடைய பழைய ரிக்கில், துளைக்குள் காற்றடிக்கிற கம்ப்ரசரை ஓட்டிய இன்ஜினில் இருந்ததாம். இந்தச் சின்ன இன்ஜின் புகைக்கு அவ்வளவு பெரிய விசிறி அசையக்கூட அசையாது என்றேன்.

"பூட்டு மாதையா. அசையும்," என்றார்.

நல்ல கம்ப்ரசர் இன்ஜினை ஏன் உடைத்து இரும்புக்குப் போட்டார் என்று கேட்டேன். அது ராசியில்லாத இன்ஜின் என்று மட்டும் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டர்போவைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினேன். விசிறித் தண்டில் நூல் சுற்றிக் கிடந்தது. வெள்ளைத் துண்டின் நூல், சிவப்புக் கரையோடு. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் துடைத்தேன். உள்ளே ஒரு தூசி இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால்... தண்டில் மறுபடியும் நூல். ஈரமாக இருந்தது. சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து உட்கார்ந்தேன். டர்போ இன்னும் மேஜைமேல்தான் இருந்தது. எதோடும் பூட்டவில்லை.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாக... நிற்காமல்... காற்று என்று நினைத்தேன். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. எழுந்து போய்க் கை வைத்தேன். நின்றுவிட்டது. இரும்பு சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை அது. காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு.

இருந்தும் பூட்டினேன். தொழில் அப்படி. முதல் ஸ்டார்ட்டிலேயே, இன்ஜின் சும்மா முனகும்போதே, டர்போ ஊளையிட்டது. ஙீ... என்று. அப்படிக் கத்தவே கூடாது. பயந்துபோய் இன்ஜினை அணைத்தேன். இன்ஜின் நின்றது. ஊளை நிற்கவில்லை. நான் ஒரு பீடி பிடித்து முடிக்கும்வரை கேட்டது.

சின்னண்ணனிடம் சொன்னேன். கழற்றிவிடலாம் என்றேன். அவர் குழாய் லோடு ஏற்றச் சொன்னார். ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில். வண்டியா அது! முழு லோடோடு பறந்தது. முன்னால் போன பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. சின்னண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

வேகம் குறையவில்லை.

இன்ஜினை அணைக்கும் கம்பியை இழுத்தார். அணையவில்லை. பிரேக்கை மிதித்தார். டயர் தீய்ந்த வாடை வந்தது. வண்டி நிற்கவில்லை. டீசல் இன்ஜின் சில சமயம் இப்படி வெறிபிடித்து ஓடும். டர்போவில் ஆயில் கசிந்தால் அந்த ஆயிலையே குடித்து ஓடும். காற்றை அடைத்தால்தான் நிற்கும். அப்படித்தான் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

வண்டி ரோட்டை விட்டு ஒரு மண்பாதையில் திரும்பியது.

"ஏனுங்க, இங்க எதுக்குத் திருப்பறீங்க?"

"நான் திருப்பல," என்றார்.

செம்மண் காடு. வீடு வாசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய். தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட போர்க்குழி. அதன் பக்கத்தில் போய் வண்டி தானாக நின்றது. இன்ஜின் பூனைபோல உறுமியது. சின்னண்ணன் முகம் வெளுத்திருந்தது. அந்த இடம் அவருக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குப் பட்டது.

குதித்து இறங்கி பானெட்டைத் திறந்தேன். டீசல் குழாயைக் கழற்றினேன். டீசல் மண்ணில் கொட்டியது. இன்ஜின் நிற்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயில் சொட்டுக்கூடக் குறையவில்லை.

அப்படியானால் எதைக் குடித்து ஓடுகிறது?

காற்றுக் குழாயைப் பிடுங்கினேன். டர்போவின் வாய் திறந்தது. உள்ளே விசிறி கண்ணுக்கே தெரியாத வேகம்.

அலறத் தொடங்கியது.

அடைக்கப் பலகை எடுக்கப் பின்னால் ஓடினேன். கிட்டே போக வேண்டாம் என்று சின்னண்ணனிடம் கத்திவிட்டுத்தான் ஓடினேன்.

அந்த இரைச்சலிலும் ஒரு குரல் கேட்டது. காதருகே பேசுவதுபோல. நிதானமாக. மரியாதையாக.

"கையை வெச்சு அடைங்க, முதலாளி."

பானெட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சின்னண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். கீழே போட்டார்.

வலது கையை நீட்டினார்...

இன்ஜின் நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

அவரைப் போர்க்குழாய் ஓரமாகப் படுக்கவைத்து, அறுந்த கையைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. ஓடிப்போய் டீசல் குழாயை மாட்டி ஸ்டார்ட் போட்டேன். டக் என்றுகூடச் சொல்லவில்லை. பேட்டரி புதிது. வண்டி பிணமாகக் கிடந்தது.

ரோட்டுக்கு ஓடி ஆள் கூட்டி வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வெறும் தரையைப் பார்த்தார்.

"சடையா... தப்புத்தான்டா. போலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

வெறும் தரையிலிருந்து பதில் வந்தது.

"தண்ணி வரட்டுங்க, முதலாளி."

நான் ஓடினேன்.

செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. ரோட்டில் ஒரு லாரியை மறித்து, டிரைவரைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். சின்னண்ணன் செத்திருந்தார். ரத்தம் செம்மண்ணில் வட்டமாகப் பரவியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவு இடம், ஒரு துளி படாமல் காய்ந்து கிடந்தது. லாரி டிரைவரும் பார்த்தார். அவர் போய் பிக்கப்பின் சாவியைத் திருகினார்.

ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆனது.

போலீஸ் விசாரணை முடிந்து வண்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. சின்னண்ணன் சம்சாரம் சௌந்திரம் அந்த டர்போவைக் கழற்றி எங்காவது கிணற்றில் போடச் சொல்லிவிட்டார். கழற்றினேன். விசிறி இதழ்கள் எல்லாம் மடங்கி நசுங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு செம்பு மோதிரம் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. சௌந்திரத்திடம் காட்டினேன். தன் வீட்டுக்காரர் மோதிரமே போட்டதில்லை என்றார்.

எனக்கு அந்தப் பெயர் மறக்கவில்லை. சடையன். அந்த ரிக்கில் வேலை செய்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். சடையன் இரண்டு வருஷம் முன்பே செத்துவிட்டான், அவன் சம்சாரம் உண்ணாமலை ஆட்டையாம்பட்டியில் இருக்கிறாள் என்றார். போனேன்.

அந்த அம்மாள் தறிக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அதே காடு. அதே குழி. துளை போட்டுக்கொண்டிருந்தபோது கம்ப்ரசர் இன்ஜின் வெறிபிடித்திருக்கிறது. சடையன் காற்று வாயைத் துண்டை வைத்து அடைத்திருக்கிறான். துண்டை டர்போ உள்ளே இழுத்துவிட்டது. கையை வைத்து அடைடா என்று சின்னண்ணன் கத்தியிருக்கிறார். வைத்தான். இன்ஜின் நின்றது. கை போய்விட்டது. ஆனால் நூறடிக்கு மேல் துளை போட்டாகிவிட்டது, மண்ணில் ஈரம் தெரிகிறது என்று அடுத்த ரிக்கின் கம்ப்ரசரை வரவழைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். இருந்த ஒரே பிக்கப்பும் அதை இழுத்துவரப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு எப்போது என்று சடையன் கேட்கும்போதெல்லாம், தண்ணி வரட்டும் என்றாராம். சாயங்காலம் சடையன் செத்தான். தண்ணீர் வரவே இல்லை.

சின்னண்ணன் செத்ததை உண்ணாமலை முன்னமே கேள்விப்பட்டிருந்தார்.

நான் மடியிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சடையனுடையதுதானா என்றேன். தலையசைத்தார். அன்றைக்கு விரலோடு சேர்ந்து டர்போவுக்குள் போயிருக்கும், நான் கழுவும்போது கண்ணில் படவில்லை போல என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போனது வலது கைங்க. இது அவரு இடது கையில போட்டிருந்தது," என்றார். "கழட்ட வேண்டாம்னு நான்தானுங்க சொன்னேன். இதோடவேதான் பொதைச்சோம்."